புகையை விடுங்கள், சத்தத்தைப் பிடியுங்கள்

நவராத்திரி வந்தால் ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளில் கொலுப்படிக்குக் கீழே ஒரு பார்க் முளைக்கும். கேழ்வரகு விதைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், அதைச் சுற்றி ஒரு பேட்டரி ரயில். ரயில் 'கூ' என்று கத்தும். விலை கொஞ்சம் கூடுதல் என்றால் புகையும் விடும். சுண்டல் வாங்க வந்தவர்கள் "அட, புகை வருதே!" என்று நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பொம்மைக்கு அது போதும். ஆனால் நிஜ இன்ஜினை அளந்து, அதே மாதிரி பெரிய மாடல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே ஆசைதான்: சத்தம் வேண்டும், புகையும் வேண்டும். இரண்டில் காசையும் உழைப்பையும் எதில் போடுவது? தயங்காமல் சத்தத்தில் போடலாம். காரணம் இருக்கிறது.

முதலில் பெரிய மாடல் என்றால் என்ன? ஜெர்மனியின் எல்.ஜி.பி. நிறுவனம் 1968-ல் கொண்டுவந்த 'ஜி' அளவு அதில் பிரபலம். தண்டவாளங்களுக்கு நடுவே 45 மில்லிமீட்டர். நிஜத்தில் 22.5-ல் ஒரு பங்கு. 45-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதாவது மீட்டர் கேஜ்! திருச்சியிலிருந்து நாலா பக்கமும் ஒரு காலத்தில் ஓடியது எதுவோ, அதுவேதான். நம்மூர் இன்ஜினுக்கென்றே செய்தது போல ஓர் அளவு.

இப்போது புகைக்கு வருவோம். மாடலின் புகைபோக்கிக்குள் ஒரு சின்ன ஹீட்டர் கம்பி இருக்கும். அதில் கனிம எண்ணெய் சில சொட்டு விட்டால் சூடாகி வெள்ளையாகக் கிளம்பும். சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் கம்பி கருகும். சிந்திய எண்ணெய் தண்டவாளத்தில் படிந்து சக்கரம் வழுக்கும். இந்தத் தொல்லைகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் புகை பொய் என்பதுதான் பெரிய குறை.

நிஜ இன்ஜினில் வெள்ளையாகத் தெரிவதில் பெரும்பகுதி புகையே அல்ல. குளிர்ந்து துளிகளான நீராவி. குளிர்கால ஐரோப்பாவில் அது மேகம் மாதிரி நிற்கும். திருச்சியின் கத்திரி வெயிலில் கிளம்பிய வேகத்தில் காணாமல் போய்விடும். கரும்புகையோ நிலக்கரி முழுதாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். கைதேர்ந்த ஃபயர்மேன் புகைபோக்கியில் மெல்லிய சாம்பல் நிறம் மட்டும் தெரியும்படி நெருப்பைப் பார்த்துக்கொள்வார். கணக்குப் பாடத்தின் மொழியில் சொன்னால் கரும்புகை என்பது நட்டக் கணக்கு. அதைக் காசு கொடுத்து மாடலில் சேர்ப்பானேன்?

சத்தம் அப்படியல்ல. இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது, மேடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். சாதாரண இரண்டு சிலிண்டர் இன்ஜின், சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு முறை மூச்சு விடும். மீட்டர் கேஜில் பயணிகள் ரயில் இழுத்த ஒய்.பி. வகை இன்ஜினின் பெரிய சக்கரம் நாலரை அடி விட்டம். மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் நொடிக்குச் சுமார் இரண்டரை மூச்சு. 40 கிலோமீட்டரில் பத்துக்கு மேல். மலிவான சர்க்யூட்டில் சக்கரம் ஒரு தாளம், சத்தம் ஒரு தாளம். அச்சில் காந்தமும் பக்கத்தில் ஒரு காந்த சுவிட்சும் வைத்துவிட்டால் சக்கரத்தோடு சத்தம் சேர்ந்துகொள்ளும். பெரிய மாடலில் நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமும் உண்டு. சின்ன மாடலில் அந்த அடித்தொண்டைக் குரல் வராது.

சரி, எந்தச் சத்தத்தைப் போடுவது? கடையில் கிடைக்கும் பல சிப்களில் இருப்பது ஜெர்மன், ஆங்கிலேய, அமெரிக்க இன்ஜின்களின் குரல். ஒய்.பி.க்கு அமெரிக்க விசில் பொருத்துவது, நாதஸ்வரக் கச்சேரிக்கு டிரம்பெட் ஒலிநாடா போடுவது மாதிரி. பார்ப்பவருக்குத் தெரியாமல் போகலாம். அந்த இன்ஜினை ஓட்டியவருக்குத் தெரியும்.

நம்மிடம் நல்ல உதாரணம் ஒன்று உயிரோடு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928-ல் திருச்சி பொன்மலைக்கு வந்தது. அதே பொன்மலை நீலகிரி மலை ரயிலுக்காக 2011-ல் எண்ணெயில் எரியும் நீராவி இன்ஜினும், 2021-ல் நிலக்கரி இன்ஜினும் புதிதாகச் செய்து கொடுத்தது. இவை 'எக்ஸ்' வகை, நான்கு சிலிண்டர். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது, ஒரு ஜோடி சிலிண்டரில் வேலை முடித்த நீராவி அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வரும். அதனால் மூச்சு சாதாரண சக்கரத்தின் கணக்கில் வராது, பல்சக்கரத்தின் கணக்கில் வரும். வண்டி நத்தையாய் ஊரும், மூச்சு மட்டும் வேகமாக இரைக்கும். இதை எந்தப் பொதுவான சிப்பிலும் எதிர்பார்க்க முடியாது. போய்ப் பதிவு செய்தால்தான் உண்டு.

செய்வதும் கஷ்டமில்லை. லோக்சவுண்ட் போன்ற சிப்களில் நாமே பதிந்த ஒலியை ஏற்றலாம். கையில் காசில்லாத மாணவர்களுக்கு ஆர்டுயினோ பலகை, மெமரி கார்டு, சின்ன ஸ்பீக்கர் போதும்.

குழந்தைகளுக்குப் புகைதானே பிடிக்கும் என்று கேட்கலாம். நியாயம்தான். கொலு ரயிலில் தாராளமாக விடட்டும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பழைய இன்ஜின்களின் உருவம் எங்கேயும் போய்விடாது. அருங்காட்சியகத்தில் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். டேப்பை எடுத்துப்போய் என்றைக்கு வேண்டுமானாலும் அளக்கலாம். சத்தத்தை அப்படி அளக்க முடியாது. அகலப்பாதையில் வழக்கமான நீராவி வண்டிகள் 1995-லேயே நின்றுவிட்டன. இன்று கல்லூரியில் படிப்பவர்கள் பிறப்பதற்கு முன்பே! அந்த இன்ஜின்களில் கரி தள்ளியவர்கள் இப்போது எழுபதை நெருங்கிவிட்டார்கள், அல்லது தாண்டிவிட்டார்கள். ஒரு பதிவைக் கேட்டு "இது ஒய்.பி. இல்லை தம்பி" என்று திருத்தக்கூடிய காதுகள் அவை.

மாடல் செய்கிறவர்கள் அடுத்த முறை புகை எண்ணெய் வாங்க வைத்திருக்கும் காசில் மேட்டுப்பாளையத்துக்கு ஒரு டிக்கெட் எடுக்கட்டும். திரும்பி வந்ததும் பொன்மலையில் ரிடையரான ஒரு ஃபயர்மேன் தாத்தாவிடம் அதைப் போட்டுக் காட்டட்டும். அவர் சரி என்று தலையாட்டினால், அதைவிட நல்ல சர்டிபிகேட் எந்த மாடலுக்கும் கிடைக்காது.