விடுதி மாணவரும் ரயில் மாணவரும்

காசி இந்து பல்கலைக் கழகமும் (1916), சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகமும் (1929) மாணவர்கள் தங்கிப் படிப்பதற்கென்றே தோன்றியவை. அங்கே வகுப்பு முடிந்தாலும் கல்வி முடிவதில்லை. நூலகமும் நண்பர்களும் அருகிலேயே.

1857-ல் தொடங்கிய மும்பைப் பல்கலைக் கழகத்தின் கல்லூரிகளோ நகரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. கல்யாணிலிருந்து வரும் தொழிலாளி மகனுக்குப் பாதிப் பொழுது நெரிசல் ரயிலிலேயே போகிறது. வீடு திரும்பினால் ஒரே அறையில் ஐந்தாறு பேர். சீசன் டிக்கெட்டுக்குச் சலுகை உண்டு; உட்கார்ந்து படிக்கத்தான் இடமில்லை. ஆனால் வேலைக்கு மனுப் போடும்போது இருவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

எல்லோருக்கும் விடுதி உடனே ஆகிற காரியமல்ல. கல்லூரி நூலகங்களை இரவு பத்து மணி வரை திறந்து வைக்கலாம். கட்டடமுள்ள தமிழ்ச் சங்கங்கள் மாலையில் அவற்றைப் படிப்பகமாக்கலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை; மனம் வேண்டும்.