எலியும் டிராக்டரும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடியானவர்களிற் பெரும்பாலோர் இந்நாளில் உழவு மாட்டுக்குப் பதிலாக டிராக்டரையே நம்பியிருக்கின்றனர். மாடு நோயுற்றால் கைவைத்தியம் அறிந்தவர் ஊரிலேயே கிடைப்பார். டிராக்டரின் மின்கம்பியை எலி கடித்துவிட்டாலோ, அறந்தாங்கியிலிருந்தோ ஆலங்குடியிலிருந்தோ மெக்கானிக் வந்து சேரும் வரையில் உழவு நிற்கும். மானாவாரி நிலத்தில் ஆவணி, புரட்டாசியில் பெய்யும் ஒரு மழையின் ஈரம் சில நாட்களுக்கே தங்கும். அந்நாட்களில் யந்திரம் கொட்டகையில் முடங்கினால், நஷ்டம் கம்பியின் விலையோடு முடிவதில்லை. விதைப்புப் பருவமே தவறிப்போகிறது. ஆகையால் இதனைச் சிறு ரிப்பேர் என்று தள்ளாமல், பயிர்ப் பாதுகாப்பைச் சேர்ந்த காரியமாகக் கொள்வதே முறை.

எலி பசியினால் மட்டும் கம்பியைக் கடிப்பதில்லை. அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வன. ஓராண்டில் 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியவை. அவற்றைத் தேய்த்துக்கொள்ளாவிடில் அது உயிர்வாழ முடியாது. ஆகவே மரக்கதவு, ரப்பர்க் குழாய், கம்பியின் மேலுறை ஆகிய எதையும் அது விடுவதில்லை. மேலுறை போனபின் செம்புக் கம்பி இரும்புச் சட்டத்தில் உராய்ந்து பியூஸ் எரிந்துபோகும். பியூஸ் சரியாக இல்லாத இடத்தில் கம்பி சூடேறி, எலி கூடு கட்டச் சேர்த்த வைக்கோலில் தீப்பற்றுதலும் உண்டு. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி அமுலுக்கு வந்தது. அதன்படி வரும் யந்திரங்களில் மின்னணுக் கருவிகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் மிகுதி. யந்திரம் நுட்பமாக ஆக, எலியால் விளையும் கெடுதலும் பெருகும்.

கம்பெனிகள் தரமான கம்பியைப் போட்டால் இத்தொல்லை இராது என்று சிலர் கூறுவர். அமெரிக்காவில் கார் உடைமையாளர் சிலர், சோயா மொச்சையிலிருந்து செய்த மேலுறையே எலியை ஈர்க்கிறதென்று கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்ததும் உண்டு. ஹோண்டா கம்பெனி மிளகாயின் காரச்சத்து ஏற்றிய நாடாவைக் கம்பியின்மேல் சுற்றுவதற்கென விற்றது. ஆயினும் சோயா கலவாத பழைய பிளாஸ்டிக் உறையையும் எலி கடிக்கத்தான் செய்கிறது. பல்லுள்ள பிராணி வேறாயினும் ஜெர்மனியிலும் இதே தொல்லை உண்டு; அங்கே மரநாய்க்கு உறவான ஒரு பிராணி கார்க் கம்பிகளைக் கடிக்கிறது. எனவே கம்பெனியைக் குறை கூறுவதில் நியாயம் ஓரளவே உண்டு. எலியைக் கொட்டகைக்கு வரவழைப்பது எது என்று ஆராய்வதே பிரயோசனமுள்ள வேலை.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் எலிக்கு இரை குறைகிறது. அப்பொழுதே நெல்லும், பின்னர்க் கடலையும் வீட்டையடைந்த கொட்டகைக்கு வந்து சேருகின்றன. டிராக்டரும் வேலையின்றி அங்கேயே வாரக்கணக்கில் நிற்கிறது. வைக்கோற்போர் ஒரு பக்கம், விதைக்கடலை மூட்டை ஒரு பக்கம், நடுவே அசையாத யந்திரம் என்றால் எலிக்கு இதனினும் வசதியான சத்திரம் எங்கே கிடைக்கும்? உணவும் மறைவிடமும் நாமே கொடுத்துவிட்டுக் கம்பியைக் கடித்தது என்று வருந்துவதிற் பயனில்லை.

இன்னும் சிலர் என்ஜின் மூடிக்குள் விஷ உருண்டையை வைக்கின்றனர். இது எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதைக்கு ஒப்பாகும். ஜிங்க் பாஸ்பைடு என்னும் மருந்துக்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகளும் கோழியும் நாயும் நடமாடும் கொட்டகையில் அதனைத் திறந்து வைப்பது பேராபத்து. விஷம் தின்ற எலியைத் தின்று நாய், பூனை, ஆந்தை மடிதலும் உண்டு. ஆந்தையும் கூகையும் சாரைப்பாம்பும் கூலி கேளாத காவற்காரர்கள். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டிக் கூடு அமைத்துக் கொடுத்து எலியை அடக்குகின்றனர். நம் ஊரிலோ அலறல் அபசகுனம் என்று அதனைக் கல்லால் அடித்து விரட்டுகிறோம்.

செய்யத்தக்கவை எளியவை. தானியத்தையும் வைக்கோலையும் டிராக்டர் கொட்டகையிலிருந்து அகற்றுதல் முதல் காரியம். எலிக்குஞ்சு நுழையாதபடி துவாரங்களை 6 மில்லிமீட்டர்க் கண்ணுள்ள கம்பி வலையால் அடைத்தல் இரண்டாவது. வாரம் ஒருமுறையேனும் என்ஜின் மூடியைத் திறந்துவைத்து, யந்திரத்தைச் சற்று ஓட்டுதல் மூன்றாவது. வெளிச்சமும் அசைவும் உள்ள இடத்தில் எலி கூடு கட்டாது. நீண்ட நாள் நிறுத்துவதாயின் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்தால் தீ விபத்துக்கு இடமிராது. பொறி வைப்பவர் சுவரோரமாக வைத்தல் வேண்டும். எலி நடுத்தரையில் நடவாது.

ஆயினும் ஒருவர் கொட்டகையைக் காத்து, அடுத்தவர் வரப்பில் வளை நிறைந்திருந்தால் பலன் நில்லாது. பெண் எலி சுமார் மூன்று வாரம் சினை சுமந்து, ஒரே ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் போடும். ஆகவே கோடையில், பயிரில்லாமல் எலியின் தொகை குறைந்திருக்கும் காலத்திலேயே, ஊரார் எல்லோரும் ஒரே வாரத்தில் வரப்பை ஒதுக்கி வளைகளை வெட்டிக் கிட்டி வைத்தல் வேண்டும். தஞ்சைப் பக்கத்து மூங்கிற் கிட்டி விஷமின்றியே வேலை செய்வது. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் மண்பானையிற் புகைமூட்டி எலி பிடிக்கும் முறையும் அத்தகையதே. புறம்போக்கு வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் உள்ள வளைகள் தனி ஒருவருக்கு உரியவை அல்ல. கரை பலவீனப்படாதபடி அவற்றைக் கவனிப்பது ஊராட்சியின் பொறுப்பு. நாள் குறித்து ஊரைக் கூட்டுவதில் ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் முன்னிற்றல் வேண்டும்.

விநாயகருடைய வாகனத்தைக் கொல்லலாகாது என்று எண்ணும் பெரியோரும் உளர். அவர்கள் எண்ணத்துக்கு மாறாக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. கொட்டகையில் இரை வையாமலும் துவாரத்தைத் திறந்து விடாமலும் இருந்தாலே போதும். விநாயகருடைய வாகனம் குடியானவனுடைய வாகனத்தைத் தின்ன வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

அறுவடை முடிந்த மறுவாரமே கொட்டகையைச் சுத்தம் செய்யும் குடியானவன், ஆவணி மழையன்று சாவியைத் திருப்பியதும் யந்திரம் கிளம்புவதைக் காண்பான்.