சல்லடை பொய் சொல்லலாமா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (நிலவியல்)

ஆய்வகத்தில் தராசைத் தொடும்போது நம் கை தானாகவே அடங்குகிறது. கண்ணாடிக் கதவை மெல்லத் திறந்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு எடை பார்க்கிறோம். அதே அறையின் மூலையில் இருக்கும் சல்லடைகளையோ தட்டுகிறோம், கவிழ்க்கிறோம், குத்துகிறோம். சல்லடையும் ஓர் அளவைக் கருவியே என்பதை நாம் மறந்துவிட்டோம். இதுவே என் குற்றச்சாட்டு. முதல் குற்றவாளி நான்தான்.

சென்ற ஆண்டு, 63 மைக்ரான் சல்லடையின் கண்களில் சிக்கிய துகள்களைக் குண்டூசியால் குத்தி எடுத்தேன். மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை வகுக்கும் சல்லடை அது. இவ்வாண்டு அதே ஆற்று மணலைச் சலித்தபோது, அடித்தட்டில் விழுந்த தூள் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. மணல் மாறவில்லை; சல்லடைதான் மாறியிருந்தது. வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வலையின் நடுவே ஒரு புள்ளி விண்மீன்போல மின்னியது.

ஒரு சிறு துளைக்கு இத்தனை வலிமையா? ஆம். கால் மணி நேரம் குலுக்கும்போது துகள்கள் வலை முழுதும் அலைகின்றன. ஒருமுறை துளையைத் தவறவிட்ட துகள் மறுமுறை அதைக் கண்டுவிடும்.

என் தந்தை கொத்து வேலை செய்பவர். அவருடைய சல்லடை கிழிந்தால் பூச்சில் கல் நெருடும், உடனே தெரிந்துவிடும். நம் சல்லடை கிழிந்தால் எதுவும் நெருடாது. பதிவேட்டில் தவறான எண் ஏறும். அதன்மேல் கையெழுத்தும் விழும். சிமெண்டைச் சோதிக்க 90 மைக்ரான் சல்லடை உண்டு. சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டு அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் தங்கலாகாது என்று கட்டடப் பொறியியல் நூல்கள் கூறும். அச்சல்லடையில் கிழிசல் இருந்தால் கரடான சிமெண்டும் தேறிவிடும் அன்றோ?

செய்ய வேண்டியவை எளியவையே. சிக்கிய துகள்களை, சல்லடையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்திலிருந்து மென்மையான தூரிகையால் தடவி எடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்தலாம். மணலை மிகுதியாகக் கொட்டினால் கண்கள் அடைபடும், நுண்வலை தொய்ந்துபோகும்.

எல்லாத் தட்டுகளின் எடையையும் கூட்டித் தொடக்க எடையோடு ஒப்பிடுகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அது கிழிசலைக் காட்டிக்கொடுக்காது. மேல்தட்டில் குறைந்தது கீழ்த்தட்டில் கூடியிருக்கும். கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஆகவே ஒரே மணலில் சில புட்டிகளைத் தனியே எடுத்துவைத்து, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சலித்துப் பார்த்து, முடிவைச் சல்லடைக்கென ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இதற்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

நான் கெடுத்த சல்லடையைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "உனக்குப் பிறகு எத்தனை பேர் இதில் சலித்தார்கள் என்று எண்ணிப் பார்" என்றார், அவ்வளவுதான். இன்றும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நண்பர்களே, சலிக்குமுன் சல்லடையை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசி காகிதத்தோடு நிற்கட்டும்.