பத்து மணி நடுக்கத்துக்கு என்ன பெயர்?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் இருக்கும் வீடுகள் பொறுமையாக வாசியுங்கள்.

காலையில் சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் கழிந்ததும் கை நடுங்கும், நெற்றி வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், ஒரு துண்டுப் பாணாவது கிடைக்காதா என்று பசிக்கும். கம்பளையில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் மூன்று: கேஸ்ட்ரிக், பிரஷர், கண்ணூறு. பாடசாலையில் நான்காவது ஒன்றும் உண்டு: சோம்பல். இடைவேளைக்கு முந்திய பாடத்தில் மேசையில் தலை வைக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் முதலில் கிடைக்கும்.

வைத்தியர்கள் சொல்லும் ஐந்தாவது பெயர் ஒன்று இருக்கிறது: ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா. சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைவது என்று அர்த்தம். பெரும்பாலும் சாப்பிட்டு நான்கு மணித்தியாலத்துக்குள் வரும். சீனி வருத்தம் இல்லாதவருக்கும் வரலாம். அதனால்தான் "உனக்குத்தான் சீனி இல்லையே" என்று வீட்டில் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். வெறும் வயிற்றில் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீயும் ஒரு பணிஸும் போனால் இரத்தத்தில் சீனி சடாரென்று ஏறுகிறது. அதை இறக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சிலருக்கு அந்த இன்சுலின் தேவைக்கு மேல் வந்துவிடுகிறது, ஏறிய சீனி இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டிக் கீழே போகிறது. உடனே உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. பயந்தால் சுரக்கும் அதே அட்ரினலின்தான். அதனால்தான் ஒன்றுமே நடக்காமல் பயம் வந்ததுபோல் இருக்கிறது. இன்னும் குறைந்தால் மூளைக்குச் சீனி போதாமல் கண் மங்கும், பேச்சுக் குழறும், கேட்ட கேள்வி புரியாது. பார்க்கிறவருக்கு அது கவனயீனமாகத்தான் தெரியும்.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த வருத்தம் அல்ல. 1921இல் டொரொன்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசி அளவு கூடிப்போனவர்களுக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தன. இன்சுலின் ஊசியே போடாத சிலருக்கும் அதே குணங்குறிகள் வருவதை அமெரிக்க வைத்தியர் சீல் ஹாரிஸ் 1924இல் எழுதினார். பிறகு கதை மறுபக்கம் திரும்பியது. களைப்பு, கோபம், தூக்கமின்மை எல்லாவற்றையும் மக்கள் சீனிக் குறைவின் தலையில் கட்டினார்கள். 1973இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த வருத்தம் இல்லை என்று அறிக்கை விட வேண்டி வந்தது.

அதனால் எங்கள் கருத்து இது: இப்படி ஒன்றே இல்லை என்பதும் பிழை, எல்லா நடுக்கத்துக்கும் இதையே பெயராக வைப்பதும் பிழை. அளந்து பார்த்துத்தான் பேச வேண்டும்.

அலன் விப்பிள் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வகுத்த மூன்று நிபந்தனைகளை இன்றும் வைத்தியர்கள் பார்க்கிறார்கள். குணங்குறி இருக்க வேண்டும். அதே நேரத்தில் அளந்தால் சீனி குறைந்திருக்க வேண்டும்; சீனி வருத்தம் இல்லாதவருக்கு 55க்குக் கீழ் என்பது பொதுவான கணக்கு. சீனி ஏறியதும் குணங்குறி மறைய வேண்டும். நடுக்கம் நின்று மறுநாள் விடிய வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் நல்லதாகவே வரும். "ஒன்றுமில்லை" என்று ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். நடுங்கும் நேரத்தில் அளக்க வேண்டும். வீட்டுக் குளுக்கோமீட்டர் குறைந்த அளவுகளில் கொஞ்சம் முன்பின் காட்டும், ஆகவே முடிவை வைத்தியரிடம் விடுங்கள்.

இப்படி வந்தால் நாம் கொடுப்பது இன்னொரு இனிப்புத் தேத்தண்ணி. அந்த நேரத்துக்கு அது உதவும், பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அடுத்த இறக்கத்துக்கும் அதுவே வழி. கொஞ்சம் இனிப்பு எடுத்து நடுக்கம் அடங்கியதும் முட்டையோ கடலையோ கௌபியோ சாப்பிட வேண்டும். நாளாந்தம், ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவதும், வெறும் வயிற்றில் இனிப்பைத் தவிர்ப்பதும் பலருக்குப் போதும். குளிர்பானப் போத்தலில் 2016 முதல் சீனி அளவுக்கு நிற வட்டம் போடுகிறார்கள். சிவப்பு வட்டம் கண்டால் பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக்கு அது வேண்டாம்.

நோன்பு காலத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நாள் முழுக்கப் பட்டினி இருந்த வயிற்றில் சர்பத், ரோல்ஸ், ஃபலூடா என்று இறக்கினால், தராவீஹ் தொழுகையில் நிற்கும்போது சிலருக்குக் கால் தளர்வதில் ஆச்சரியமில்லை. ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் எடுத்து, தொழுதுவிட்டு ஆறுதலாகச் சாப்பிடலாம். சஹருக்கும் பாணும் சீனித் தேத்தண்ணியும் மட்டும் போதாது. வைத்தியர் நோன்பு வேண்டாம் என்றால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை எடுக்க வெட்கப்படவும் வேண்டாம்.

சில விடயங்களில் காத்திருக்கக் கூடாது. சாப்பிடாமல் இருக்கும்போதோ விடியற்காலையிலோ இப்படி வந்தால், மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவராக இருந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உம்மாவின் சீனிக் குளிசை பிள்ளையின் கையில் அகப்படாமல் வையுங்கள். சில குளிசைகள் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். சீனி வருத்தத்துக்கு ஊசி, குளிசை எடுப்பவருக்கு நடுக்கம் வந்தால் உடனே இனிப்புக் கொடுங்கள், ஆராய்ச்சி பிறகு.

பாடசாலைகளிடம் ஆசிரியர்களாக நாங்கள் கேட்பது பெரிய செலவில்லாத மூன்று காரியங்கள். சிற்றுண்டிச்சாலையில் பணிஸுக்குப் பக்கத்தில் அவித்த கடலையும் முட்டையும் இருக்கட்டும். ஏழரைக்கு வந்து ஒன்றரைக்குப் போகும் பிள்ளை, இடைவேளைக்கு முன் "ஒரு வாய் சாப்பிடவா டீச்சர்?" என்று கேட்டால் அனுமதி கிடைக்கட்டும். ஒரே பிள்ளை ஒரே நேரத்தில் அடிக்கடி சோர்ந்தால், நேரத்தையும் காலையில் சாப்பிட்டதையும் ஒரு கொப்பியில் குறித்துப் பெற்றோரிடம் கொடுப்போம். வைத்தியருக்கு அந்தக் கொப்பி மிகவும் உதவும்.

அளந்து பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தாலும் நஷ்டமில்லை, வேறு காரணத்தைத் தேடலாம். அளக்காமலே சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குத்தான் நஷ்டம். அந்தப் பெயர் ரிப்போர்ட்டில் ஏறி, வீட்டில் அடியாக இறங்கி, கடைசியில் பிள்ளையே அதை நம்பத் தொடங்கிவிடும்.