முப்பது நாளில் பத்து கிலோ: கணக்கு உதைக்கிறது

அளவாகச் சாப்பிடுவதும் தினமும் நடப்பதும் உடல் எடையைக் குறைப்பதில் தோற்றுப்போன வழி என்று எடைக்குறைப்பு ஆலோசகர் ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். அவருடைய வாதம் ஐந்து வரிக்குள் அடங்கிவிடும். உணவையும் உடற்பயிற்சியையும் நம்பி இளைத்தவர்கள் மறுபடி பெருத்துவிட்டதாக அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. அரைமணி நேரம் நடந்தால் எரிவது இரண்டு மூன்று இட்லிதான். தமிழர்களைக் கெடுத்தது சோறு. ஆகவே சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு ஒரு மாதம் பொடி கரைத்த பானமும் வெள்ளரிக்காயுமாக இருந்தால் பத்து கிலோ குறையும். பிறகு ஏறினால் அது அவரவர் மனவுறுதிக் குறைவு.

இந்த ஐந்தில் ஒன்று அரை உண்மை. மற்ற நான்கும் பொய். அவற்றைப் பேசாமல் விட்டுவிட முடியாது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் அதிக எடை உள்ளவர்கள். மூட்டுவலியோடும் மூச்சிரைப்போடும் ஒரு வழி கிடைக்காதா என்று தேடுகிற இவர்களிடம்தான் அந்தக் கட்டுரை போய்ச் சேர்கிறது. அவர்களிடம் பொய் சொல்வது சின்னக் குற்றமில்லை.

முதலில் அந்தப் பத்து கிலோவை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோ கொழுப்பு கரைய 77,000 கலோரி பற்றாக்குறை வேண்டும். முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 2,560-க்கும் மேல். வீட்டு வேலையும் அலுவலக வேலையுமாக ஓடுகிற, 70 கிலோ எடையுள்ள நடுத்தர வயதுப் பெண் ஒருவர் ஒரு நாளில் செலவிடுவதே 1,900, மிஞ்சிப்போனால் 2,000 கலோரி. அவர் முப்பது நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 60,000 கலோரிதான் தேறும். எட்டு கிலோ கொழுப்புக்குக்கூட அது போதாது. ஆலோசகர் பரிந்துரைப்பதுபோல நாளுக்கு 800 கலோரி சாப்பிட்டால் ஐந்து கிலோவுக்குள் நின்றுவிடும். மீதி ஐந்து கிலோ எங்கிருந்து குறைகிறது?

தண்ணீரிலிருந்தும் தசையிலிருந்தும். கல்லீரலிலும் தசையிலும் நாம் சேமித்துவைத்திருக்கும் கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து, தன் எடையைப்போல மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இந்தச் சேமிப்பு காலியாகிறது, நீரும் வெளியேறுகிறது. எடைக்கருவி இரண்டு கிலோ குறைவாகக் காட்டும். அந்த வாரத்தில்தான் இந்தத் திட்டத்துக்கான அடுத்த தவணைப் பணம் வாங்கப்படுகிறது. திரும்பச் சில நாள் வயிறாரச் சாப்பிட்டால் அந்த இரண்டு கிலோ திரும்பிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் கொழுப்பு கரையவும் இல்லை, ஏறவும் இல்லை.

தசை கரைவது இதைவிடப் பெரிய நட்டம். புரதம் போதாமல், உடற்பயிற்சியும் இல்லாமல் பட்டினி கிடக்கிற உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்தே தின்கிறது. நாற்பது வயதுக்கு மேல் இழந்த தசையைத் திரும்பக் கட்டுவது எத்தனை சிரமம் என்று பிசியோதெரபி செய்கிற யாரையும் கேட்டுப்பாருங்கள். எடை திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும். பழைய எடைக்கே வந்து நிற்பவர், பழைய உடம்போடு வந்து நிற்பதில்லை. இதோடு, வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து கூடுகிறது; இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரலாம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர் அந்த அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். இத்தனை நீளமான கட்டுரையில் இதற்கு ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. மன்னிக்க முடியாத குறை இது.

இனி, அவர் பெரிய சான்றாகத் தூக்கிப் பிடிக்கிற அந்த அமெரிக்க ஆய்வு. அது எந்த ஆய்வு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதம் அங்கேயே விழுந்திருக்கும். 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் 2009-இல் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு அது. போட்டி முடிவில் அவர்கள் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தார்கள். ஆறு ஆண்டில் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல், அவர்களுடைய எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்துபோயிருந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் அந்தப் பதினான்கு பேரும் அளவாகச் சாப்பிட்டு மாலையில் நடந்தவர்கள் இல்லை. கேமரா முன்னால் பரிசுக்காக, சாப்பாட்டைக் கடுமையாக வெட்டி, நாள்தோறும் மணிக்கணக்கில் உடம்பை வதைத்தவர்கள். அதாவது ஆலோசகர் விற்கிற முறையின் உச்ச வடிவம். தன் முறைக்கு எதிரான சாட்சியைத் தன் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியிருக்கிறார் அவர்.

அதே பதினான்கு பேரைப் பற்றி 2017-இல் இன்னொரு கட்டுரை வந்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் இளைத்த எடையைப் பெருமளவு காப்பாற்றியவர்கள் யார், விட்டவர்கள் யார் என்று அதில் பிரித்துப் பார்த்தார்கள். காப்பாற்றியவர்களின் உடலுழைப்பு, போட்டிக்கு முந்தைய நிலையைவிட 160 சதவீதம் கூடியிருந்தது. விட்டவர்களிடம் 34 சதவீதம்தான். எந்த ஆய்வைக் காட்டி உடற்பயிற்சி வீண் என்கிறாரோ, அந்த ஆய்வின் மறுபாதி உடற்பயிற்சிதான் காப்பாற்றியது என்கிறது. அவர் படிக்காமல் எழுதினாரா, படித்துவிட்டு மறைத்தாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் பிறருக்கு ஆலோசனை சொல்லும் தகுதி அவருக்கு இல்லை.

இரண்டு மூன்று இட்லிக் கணக்குதான் நான் சொன்ன அரை உண்மை. அரைமணி நேர வேக நடையில் நூறிலிருந்து நூற்றைம்பது கலோரிதான் எரிகிறது, மறுக்கவில்லை. உணவைத் தொடாமல் நடையால் மட்டும் இளைப்பது கடினம் என்பதும் சரியே. அதனால் நடை வீண் என்று முடிப்பதுதான் மோசடி. நடப்பது அன்றைய இட்லியை எரிப்பதற்காக மட்டுமில்லை. தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் திறனை அது கூட்டுகிறது, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பைக் குறைக்கிறது, இளைத்த எடையை நிறுத்திவைக்கிறது. இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போகவேண்டியதில்லை, சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கெடுத்தார்கள். எந்த மாற்றமும் செய்யாதவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவை ஒழுங்குபடுத்தி, தினம் அரைமணி நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. இதில் என்னை எப்போதும் நிமிர்ந்து உட்காரவைக்கிற விஷயம் ஒன்று உண்டு: அப்படி நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடைக்கருவி அசையாதபோதும் உடம்புக்குள் நல்லது நடந்திருக்கிறது. எடைக்கருவியை மட்டுமே காட்டி வியாபாரம் செய்கிறவருக்கு இது பிடிக்காத செய்தி.

எடையும் ஓரளவு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தைப் பார்க்கலாம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ளச் சொன்ன குழுவுக்கு வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம். வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம். எழுபது கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ. அதைக் குறைக்க அங்கே கொடுத்த அவகாசம் ஏறத்தாழ ஆறு மாதம். தோற்றுப்போன வழி என்று அவர் எழுதுவது இதைத்தான்.

சோறு விஷம் என்கிற கூச்சலுக்கு வருகிறேன். நம் சாப்பாட்டில் மாவுச்சத்து அதிகம்தான். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-இல் வெளியான இன்டியாப் ஆய்வு காட்டுகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. நடுவில் சர்க்கரை போட்ட டீ மூன்று நான்கு, கூட பஜ்ஜி, மிக்சர். மூன்று வேளையும் அரிசி, காய் ஓரமாக ஒரு கரண்டி, புரதம் பேருக்கு. பிரச்சினை இந்த விகிதத்தில் இருக்கிறது. அரிசியைக் குற்றவாளி ஆக்கியதால்தான், "சுகர் இருக்கு, ராத்திரி சப்பாத்திதான்" என்று நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கிற பழக்கம் நம் வீடுகளில் வந்தது. அந்த இன்டியாப் ஆய்வே, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் ஆபத்து குறையவில்லை என்கிறது. மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றியபோதுதான் குறைந்தது.

மாவுச்சத்தை அடியோடு வெட்டுவதுதான் ஒரே வழி என்கிற வாதத்தையும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்துச் சோதித்திருக்கிறது. கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்கள் ஓராண்டில் 5.3 கிலோ இளைத்தார்கள்; மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை: சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள். நம் ஊரில் இதற்குப் பொடி டப்பா வாங்கவேண்டியதில்லை. சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் கீரையையும் இரண்டு மடங்காக்கி, ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ மீனோ வைத்துக்கொண்டால் ஆயிற்று. டீயில் சர்க்கரையை விட்டுவிட்டால் அதிலேயே நூறு கலோரிக்கு மேல் மிஞ்சும். ஒரு மாதப் பொடிக்கு அவர் கேட்கிற பணத்தில் ஒரு குடும்பமே முட்டையும் பயறும் வாங்கிச் சாப்பிடலாம்.

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். வேகமாக இளைப்பதே எப்போதும் கேடு என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில் நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரித் திரவ உணவை மூன்றிலிருந்து ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் மாத்திரை இல்லாமலே அடங்கியிருந்தது. ஆனால் அங்கே முதல் நாளே மருத்துவர் மாத்திரைகளை நிறுத்தி, ரத்தச் சர்க்கரையைக் கண்காணித்தார். திரவ உணவு முடிந்ததும் வழக்கமான சாப்பாட்டை வாரக்கணக்கில் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் மாதாமாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தத் திட்டத்தின் உயிர் இந்தப் பின்பாதியில் இருக்கிறது. நம் ஆலோசகரின் திட்டத்தில் முப்பத்தோராம் நாள் என்று ஒன்றே கிடையாது. அன்று காலை அந்தப் பெண் எழுந்து என்ன சாப்பிடுவார், அடுத்த தீபாவளிக்கு, அடுத்த கல்யாணப் பந்தியில் என்ன செய்வார் என்பதற்கு அவரிடம் ஒரு சொல்கூட இல்லை.

இல்லாததால்தான் மனவுறுதியை இழுக்கிறார். எடை குறைந்தால் பெருமை அவருடைய பொடிக்கு. ஏறினால் பழி உங்களுக்கு. இளைத்த உடம்பு பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும் என்பது உடலியங்கியல். செலவு குறைந்ததைத்தான் அந்தப் பதினான்கு பேரிடமும் கண்டார்கள். அதைச் சோம்பல் என்று பெயரிடுவது இரக்கமின்மை. நம் பெண்கள் விஷயத்தில் அது இன்னும் கொடுமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லாருக்கும் சமைத்து, பிள்ளைகள் மிச்சம் வைத்ததைக் கொட்ட மனமில்லாமல் தானே சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குக் கடைசி ஆளாகத் தட்டைக் கழுவுகிறவரிடம் போய் மனவுறுதி இல்லை என்கிறார். இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று 2024-இல் ஓர் ஆய்வு சொன்னது. நடைபாதையே இல்லாத தெருவில், நாய்க்கும் சங்கிலி பறிப்புக்கும் பயந்து மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி நடக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தேவை, வீட்டில் அரைமணி நேரம் அவர்களை விடுவிக்க ஓர் ஆள், தெருவில் வெளிச்சம், மகளிர் உடற்பயிற்சிக்கூடம்.

அவரிடம் பணம் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முப்பதாம் நாள் படங்களைக் காட்டுவார். பார்த்துவிட்டு, அதே ஆட்களின் எடை இரண்டாம் ஆண்டு முடிவில் என்ன என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நிலைத்தார்கள் என்ற எண்கள் போதும். அந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் தராதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட நிறுத்தாதீர்கள்.