நம் சாதியை யார் யார் பார்க்கிறார்கள்?

ஓ.பி. சீட்டு பதியும் இடம். பெயர், வயது, அடுத்து "என்ன கம்யூனிட்டி?" எஸ்.சி. என்றதும் வரிசையே திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பதில் கணினிக்குள் போன பிறகு யாரெல்லாம் பார்க்கலாம்? கேட்டால், "ஃபார்ம்ல இருக்கு" என்பதே பதில்.

2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவு, உடல்நலத் தகவலையும் சாதியையும் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தனி வகையில் வைத்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. நம் சாதியும் நோயும் செல்போன் எண்ணும் அங்கே ஒரே வகை.

சாதியைக் கேட்காதே என்பதல்ல நம் கோரிக்கை. தேசியக் குடும்ப நல ஆய்வு பட்டியல் சாதியினரைத் தனியே கணக்கிடுவதால்தான் நம் பெண்களின் ரத்தசோகையும் குழந்தைகளின் சாவும் வெளியே தெரிகின்றன. எண்ணிக்கை வேண்டும், பெயரோடு ஒட்டிய முத்திரை வேண்டாம்.

எதற்குக் கேட்கிறாய் என எழுதிக் காட்டு. சிகிச்சைப் பதிவிலிருந்து சாதியைப் பிரித்து வை. யார், எப்போது திறந்து பார்த்தார் என்பது பதிவாகட்டும்.

மருத்துவக் கல்லூரித் தோழர்களே, இந்த மூன்றையும் உங்கள் மருத்துவமனையில் எழுத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. நம்மைப் பற்றிய தகவலுக்கு நாமே கணக்குக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?