நானே தோண்டியது, எனக்கு ஓசியா?

‘ஈவ் ஆன்லைன்’ என்ற விண்வெளி விளையாட்டை ஆடுகிறவர்களிடையே பழைய வாதம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவர், “இந்தக் கப்பல் கட்ட எனக்கு ஒரு காசும் செலவில்லை, கனிமத்தை நானே தோண்டினேன்” என்பார். பல ஆண்டுகள் ஆடியவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது ஜாசின் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு.

முதலில் விளையாட்டைப் பற்றி. ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதம் இதைத் தொடங்கியது. உள்ளே பறக்கும் கப்பல்களில் பெரும்பாலானவை ஆட்டக்காரர்களே கட்டியவை. விண்கற்களைக் குடைந்து ‘வெல்ட்ஸ்பார்’ போன்ற தாதுவை எடுப்பது ஒருவர். அதை உருக்கி ‘டிரைட்டேனியம்’ ஆக்குவது இன்னொருவர். கப்பல் கட்டுவது, விற்பது, சண்டையில் அதை இழப்பது எல்லாம் வேறு வேறு ஆட்கள். ‘ஜீட்டா’ என்ற இடத்தில் பெரிய சந்தை. உள்ளே புழங்கும் பணத்தின் பெயர் ‘இஸ்க்’. இந்தச் சந்தையைக் கவனிக்க 2007-இல் அந்த நிறுவனம் ஐயோல்ஃபுர் குட்முண்ட்சன் என்ற பொருளாதார வல்லுநரையே வேலைக்கு வைத்தது. அவர் பின்னாளில் ஐஸ்லாந்தின் அக்குரேரி பல்கலைக்கழகத் தலைவரானார்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒருவர் மூன்று இரவு உட்கார்ந்து தோண்டிய கனிமம் சந்தையில் 100 இஸ்க் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு கப்பல் கட்டி 90 இஸ்க்குக்கு விற்கிறார். கனிமம் ஓசிதானே, 90-உம் லாபம் என்று மகிழ்கிறார். உண்மையில் அவருக்கு 10 நட்டம். கனிமத்தை அப்படியே விற்றிருந்தால் 100 கிடைத்திருக்கும். கப்பல் கட்டிய உழைப்பும் வீண்.

இதைவிட முக்கியமான கணக்கு நேரத்துடையது. முழு வசதியுடன் விளையாட மாதச் சந்தா 2022-இல் 19.99 டாலராக உயர்ந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 80 ரிங்கிட். ‘பிளெக்ஸ்’ என்றொரு பொருளை உள்ளே சம்பாதித்த இஸ்க்கைக் கொடுத்து வாங்கினால் அந்தச் சந்தாவைக் கட்ட வேண்டியதில்லை. ஆகவே பல இளையர்கள் ராத்திரி முழுக்கத் தோண்டுகிறார்கள், “நான் காசு கொடுக்காமல் ஆடுகிறேன்” என்று பெருமையும் பேசுகிறார்கள். மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72 ரிங்கிட். 80 ரிங்கிட் என்பது ஒன்பது மணி நேரச் சம்பளத்தைவிடச் சற்றே அதிகம். தோண்டுவதில் மனதுக்குச் சந்தோஷம் என்றால் அது பொழுதுபோக்கு, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சந்தாவை மிச்சப்படுத்தத்தான் தோண்டுகிறேன், மாதம் இருபது மணி நேரம் போகிறது என்றால், பெட்ரோல் நிலையத்து வேலையைவிடப் பாதிக்கும் குறைவான கூலிக்கு அவர் உழைக்கிறார். அந்த இஸ்க்கை வெளியே ரிங்கிட்டாக விற்பதற்கும் விளையாட்டின் விதி இடம் தருவதில்லை.

தோண்டுகிறவருக்குக் கிடைக்கும் விலையும் அவர் கையில் இல்லை. 2014 ஜனவரி 27, 28 தேதிகளில் அங்கே நடந்த ஒரே சண்டையில் ‘டைட்டன்’ என்னும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. இழப்பின் மதிப்பு சுமார் 3 லட்சம் டாலர் என்று அப்போது கணக்கிட்டார்கள். கப்பல் அழிந்தால்தான் புதுக் கப்பல் வேண்டும், அப்போதுதான் கனிமத்துக்குக் கிராக்கி. 2020-இல் கையிருப்பு மலைபோல் குவிந்துவிட்டது என்று நிறுவனமே கனிமத்தின் அளவைக் குறைத்தது. எங்கோ எடுத்த முடிவு, தோண்டுகிறவர் தலையில் விடிந்தது.

இந்தக் கதை நம் மண்ணுக்குப் புதிதா? மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டங்களில் ஒன்றை 1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் போட்டார். அடுத்து அவர் பெரிய அளவில் நட்டது நம் ஜாசின் மாவட்டத்து ஆசாகானில். விலை சரிந்தபோது, 1922-இல் பிரிட்டிஷ் அரசு ‘ஸ்டீவன்சன் திட்டம்’ கொண்டுவந்து மலாயாவும் சிலோனும் ஏற்றுமதி செய்யும் ரப்பருக்கு வரம்பு போட்டது. டச்சுக்காரர்கள் சேரவில்லை. அவர்கள் ஆட்சியில் இருந்த இந்தோனேசியத் தீவுகளில் சிறுதோட்டக்காரர்கள் நட்டுத் தள்ளினார்கள். 1928-இல் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கூலி வெட்டப்பட்டது, பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். 1950-இல் கொரியாவில் போர் மூண்டதும் ரப்பர் விலை விண்ணுக்கு ஏறியது. பால் வெட்டியவர் கத்தி பிடித்த விதம் மாறவில்லை. விலைதான் ஏறி இறங்கியது.

தோட்டத்தில் இன்னொரு கணக்கும் விடுபட்டது. பேரேட்டில் ஒருவர் பெயர்தான் இருக்கும். அவர் செம்பனைக் குலை வெட்டுவார். உதிரிப் பழம் பொறுக்க மனைவி கூடப் போவார், பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகளும் போவார்கள். சம்பளம் எடைக்கு வந்தது, ஒருவர் பெயரில் வந்தது. மற்றவர்களின் நேரம் ‘சும்மா கூட வந்தது’ என்றானது. மூவர் உழைப்பில் வந்த பணம் ஒருவர் சம்பளமாகத் தெரிந்ததால், கூலி போதுமானது என்றும் தோன்றியது. ஓசி என்று எண்ணிய உழைப்பு, கூலி எவ்வளவு குறைவு என்பதை மறைத்துவிட்டது.

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தும் இந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. மோட்டாரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பி பெட்ரோலை மட்டும் கழித்துவிட்டு மீதியை லாபம் என்கிறார். கடை வாசலில் காத்திருந்த நேரம், தேய்ந்த டயர், கட்டாத சொக்சோ எதுவும் கணக்கில் வருவதில்லை. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் குடும்பம் மாவு, எண்ணெய், கேஸ் விலையைக் கூட்டி, அதன்மேல் இரண்டு ரிங்கிட் வைத்து, ‘வீட்டிலேயே செய்ததுதானே’ என்று விலை சொல்கிறது. சொந்த வீட்டில் சுட்டாலும் அடுப்படியில் நின்ற கால் வலிக்கத்தான் செய்கிறது.

நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் எல்லாரும் தொழிலை மூடிவிட வேண்டும் என்பதில்லை. சேர்த்தால்தான் விலையை எவ்வளவு உயர்த்தலாம், எந்த வேலையை விடலாம், யாருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பது தெரியும். ஆகவே அடுத்த முறை வீட்டில் ஏதேனும் செய்து விற்கும்போது, செலவுப் பட்டியலில் கூடுதலாக ஒரு வரி எழுதுங்கள்: யார், எத்தனை மணி நேரம். பக்கத்தில் மணிக்கு 8.72 என்று போட்டுப் பெருக்குங்கள். அந்த வரியில் அதிக மணி நேரம் பெரும்பாலும் அம்மாவின் பெயருக்கு நேராகத்தான் இருக்கும். பணம் வந்ததும் முதலில் அவர் பங்கை எடுத்து வையுங்கள்.